தவ்ஃபிக் ஹிதாயத்தின் பேக்ஹேண்ட் ஸ்மாஷ்: அடிப்பது எப்படி?

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் பேட்மிண்டனில் தங்கம், 2005-ல் உலகப் பட்டம், ஆறு முறை இந்தோனேசிய ஓப்பன், 2013-ல் ஓய்வு. இத்தனைக்கும் மேல், இந்தோனேசியாவின் பாண்டுங்கில் பிறந்த தவ்ஃபிக்கை இன்றும் பேச வைப்பது அவரது பேக்ஹேண்ட் ஸ்மாஷ்தான்: புறங்கைப் பக்கமாக, தலைக்கு மேலிருந்து கீழ்நோக்கி வேகமாக அடிப்பது. வலக்கை ஆட்டக்காரர்கள் இப்படிப் பழகலாம்.

பலர் சறுக்குவது பிடியில். நெட் அருகே ஆடுவதுபோல் கட்டைவிரலைக் கைப்பிடியின் அகலப் பக்கத்தில் அழுத்தினால் முன்கை சுழலாது, வேகமும் வராது. விரலைப் பக்கத்து விளிம்புக்கு நகர்த்துங்கள். பிடி தளர்வாகவே இருக்கட்டும். ஷட்டிலைத் தொடும் நொடியில் மட்டும் இறுக்குங்கள்.

முதுகை நெட்டுக்குக் காட்டி, கடைசி எட்டில் வலது காலை ஊன்றுங்கள். கால் தரையில் படுவதும் அடி விழுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அமைய வேண்டும். முழங்கை முதலில் உயரும். பிறகு முன்கை வெளிப்புறமாகச் சுழலும். தோளை வீசி அடிப்பதில் பயனில்லை, இது சுண்டும் அடி. அடித்ததும் மட்டையைச் சட்டென நிறுத்துங்கள்.

முழங்கை தாழ்ந்தால் ஷட்டில் நெட்டில் மாட்டும். ஷட்டில் உடலைக் கடந்து பின்னே போய்விட்டதா? ஸ்மாஷ் வேண்டாம், நெட்டைத் தாண்டியதும் மெல்ல விழும் டிராப் போடுங்கள்.