கனார்டு மாடல்: ஈர்ப்பு மையத்தில் கோட்டை விடாதீர்கள்

போன ஞாயிறு மைதானத்தில் ஒரு பையன் தன் புது கனார்டை, அதாவது பெரிய இறக்கைக்கு முன்னால் சின்ன முன்சிறகு வைத்த மாடல் விமானத்தை, கையால் எறிந்தான். மூக்கு நிமிர்ந்தது, ஒரு நொடி அந்தரத்தில் நின்றது, அப்படியே பின்னால் இருந்த மோட்டார் பக்கம் குத்தி விழுந்தது. என் முதல் கனார்டும் இதே மாதிரிதான் போனது. பார்க்கவே வயிறு எரிந்தது.

ஈர்ப்பு மையம்

சாதாரண மாடலில் இறக்கையின் முன் விளிம்பிலிருந்து கால்வாசி தூரத்தில் விரல் வைத்துத் தூக்கிப் பார்ப்போம். அந்தக் கைப்பழக்கம்தான் இங்கே எமன். கனார்டில் முன்சிறகும் எடையைச் சுமக்கிறது. அதனால் ஈர்ப்பு மையம் பெரிய இறக்கைக்கு முன்னால் போக வேண்டும்.

எவ்வளவு முன்னால்? முன்சிறகு 400 சதுர செ.மீ., இறக்கை 2000, இரண்டின் கால்வாசிக் கோடுகளுக்கும் நடுவே 60 செ.மீ. என்று வையுங்கள். 60-ஐ 400-ஆல் பெருக்கி, மொத்தப் பரப்பான 2400-ஆல் வகுத்தால் 10. இறக்கையின் கால்வாசிக் கோட்டிலிருந்து 10 செ.மீ. முன்னால் நடுநிலைப் புள்ளி; ஈர்ப்பு மையம் இதற்குப் பின்னால் போனால் விமானம் நிலையிழக்கும். இறக்கையின் முன்-பின் அகலம் 20 செ.மீ. என்றால், அது முன் விளிம்பையும் தாண்டி 5 செ.மீ. வெளியே நிற்கும். ஈர்ப்பு மையம் அதற்கும் 3 செ.மீ. முன்னால் இருக்கட்டும்.

மோட்டார் பின்னால் இருப்பதால் பேட்டரியை மூக்கின் நுனிக்கே தள்ள வேண்டியிருக்கும். போதாவிட்டால் ஈயம். எடை கூடுமே என்று அன்று நான் 80 கிராம் ஈயத்தை மிச்சம் பிடித்தேன். மூன்று வார வேலையும் மோட்டாரும் போயின. இன்றும் "கொஞ்சம் பின்னால் இருந்தால் பரவாயில்லையா?" என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. பரவாயில்லை என்பதே கிடையாது. 1903-இல் ரைட் சகோதரர்களின் விமானமும் கனார்டுதான்; ஈர்ப்பு மையம் பின்னால் இருந்ததால் இப்படித்தான் நிலையில்லாமல் மூக்கை ஏற்றி இறக்கிக்கொண்டே பறந்தது. கிளைடரில் பழகிய கை என்பதால் 59 நொடி தாக்குப்பிடித்தார்கள்.

எலிவேட்டர்

மூக்கை ஏற்றி இறக்கும் அசையும் மடிப்பு இது; கனார்டில் முன்சிறகின் பின் விளிம்பில் இருக்கும். ரிமோட்டின் குச்சியை இழுத்தால் அது கீழே இறங்க வேண்டும். எறிவதற்கு முன் பாருங்கள்.

முன்சிறகின் கோணம்

இறக்கையைவிட 2 டிகிரி அதிகம் வையுங்கள். முன்சிறகு முதலில் ஸ்டால் ஆனால் (கோணம் மிஞ்சித் தூக்குவிசையை இழந்தால்) மூக்கு தானாக இறங்கி வேகம் திரும்பும். இறக்கை முந்திக்கொண்டால் மீட்பது கடினம்.

செங்குத்து வால்

இறக்கை நுனிகளில், முடிந்தவரை பின்னால்.

அழுக்கு முன்சிறகு

பர்ட் ரூட்டன் வடிவமைத்த வேரி-ஈஸி, லாங்-ஈஸி என்ற கனார்டு விமானங்களில் மழை பட்டதும் முன்சிறகின் தூக்குவிசை குறைந்தது. பிறகு அதன் குறுக்குவெட்டு வடிவத்தையே மாற்றினார்கள். உங்கள் முன்சிறகின் விளிம்பில் டேப் மடிப்போ பசைக் கட்டியோ இருந்தால் தேய்த்து எடுத்துவிடுங்கள்.