யுஎஸ்பி குச்சியில் டிஜிட்டல் ரேடியோ: டிஏபி பிளஸ் கேட்பது எப்படி?

டிஜிட்டல் ரேடியோ வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். பெட்டி வாங்குவது அப்புறம் இருக்கட்டும், முதலில் கணினியில் கேட்டுப் பாருங்கள்.

காரணம் இருக்கிறது. டிஏபி என்பது கோபுரங்களிலிருந்து ரேடியோவை டிஜிட்டலாக ஒலிபரப்பும் ஒரு முறை. நார்வேயிலும் பிரிட்டனிலும் அது 1995-இல் தொடங்கியது. 2007-இல் அதன் மேம்பட்ட வடிவமான டிஏபி பிளஸ் வந்தது. பழையது ஒலியை எம்பி2 முறையில் சுருக்கி அனுப்பும், புதியது ஏஏசி வகையில். அதனால் அதற்கு முன் விற்ற பெட்டிகள் பல, அதே அலைவரிசையில் வரும் புதிய நிலையங்களை எடுக்க முடியாமல் போயின. பின்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2005-இல் டிஏபியை நிறுத்தியது. ஹாங்காங் 2017-இல் கைவிட்டது. அயர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஆர்டிஇ 2021-இல் விலகியது. செயற்கைக்கோள் வழியாக வந்த வேர்ல்ட்ஸ்பேஸ் ரேடியோ 2008-இல் திவாலானது. சேவை நின்றதும், அதற்கென்றே வாங்கிய பெட்டிகளுக்கு வேலை இல்லாமல் போனது. மறுபக்கம், நார்வே 2017-இல் தன் தேசிய நிலையங்களின் எஃப்எம்மை முழுதாக மூடிவிட்டு டிஜிட்டலுக்கு மாறியது. சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனமும் 2024 முடிவில் எஃப்எம்மை விட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 டிசம்பருக்குப் பிறகு விற்கும் புதிய கார்களில் ரேடியோ இருந்தால் அது டிஜிட்டலையும் எடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது.

இப்படி ஒரு நாடு ஏறும்போது இன்னொரு நாடு இறங்குகிறது. இந்த நிலையில் ஒரே முறைக்கு மட்டும் வேலை செய்யும் பெட்டியில் பணத்தைப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மென்பொருள் ரேடியோவில் ஒரு யுஎஸ்பி குச்சி அலையைப் பிடித்துக் கொடுக்கும், அதை ஒலியாக்குவது கணினியில் உள்ள மென்பொருள். முறை மாறும்போது மென்பொருளை மாற்றிக்கொண்டால் போதும்.

படி 1: உங்கள் இடத்தில் ஒலிபரப்பு இருக்கிறதா?

டிஏபி பிளஸ் வருவது பாண்ட் 3 எனும் அலைவரிசையில், 174 முதல் 240 மெகாஹெர்ட்ஸ் வரை. 5ஏ, 11டி, 12சி, 13எஃப் என்று பிரிவுகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இவற்றை பிளாக் என்பார்கள். உங்கள் நாட்டு ஒலிபரப்பாளரின் தளத்தில் எந்த பிளாக் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றுமே இல்லையென்றால் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

படி 2: குச்சி

ஆர்டிஎல்2832யு சில்லு உள்ள யுஎஸ்பி குச்சி வேண்டும். முதலில் கணினியில் டிவி பார்க்கத்தான் இதைச் செய்தார்கள். இந்தச் சில்லு, ஆன்டெனாவில் வரும் சமிக்ஞையை மூல வடிவிலேயே கணினிக்கு அனுப்பும் என்று 2012 வாக்கில் பரவலாகத் தெரியவந்தது. அதிலிருந்து இதற்கு மறுபிறவி.

வாங்கும்போது டிசிஎக்ஸ்ஓ உள்ளதாகப் பாருங்கள். அது வெப்பம் ஏறினாலும் அலைவரிசை நழுவாமல் பிடித்துக்கொள்ளும் படிகம். மலிவான குச்சிகள் பல பத்து பிபிஎம் வரை நழுவும் (ஒரு பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு). டிஏபி, தகவலைப் பல துணை அலைகளாகப் பிரித்து அனுப்புகிறது. அவை ஒன்றுக்கொன்று 1 கிலோஹெர்ட்ஸ் தள்ளித்தான் இருக்கின்றன. 222 மெகாஹெர்ட்ஸில் 50 பிபிஎம் நழுவல் என்றால் 11 கிலோஹெர்ட்ஸ். மென்பொருள் இதைத் திருத்திக்கொள்ளும் என்றாலும், நல்ல குச்சியில் அந்தப் பாடே இல்லை.

கூடவே ஒரு யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பியும் வாங்குங்கள். மடிக்கணினியிலேயே செருகினால் அதன் இரைச்சல் முழுவதும் ஆன்டெனாவில் ஏறும்.

படி 3: டிரைவர்

விண்டோஸில் ஸாடிக் என்ற சிறு மென்பொருளைத் திறந்து, 'லிஸ்ட் ஆல் டிவைசஸ்' என்பதைத் தேர்ந்து, 'பல்க்-இன், இன்டர்ஃபேஸ் 0' என்ற வரிக்கு வின்யுஎஸ்பி டிரைவரைப் போடுங்கள். வரியைத் தப்பாகத் தேர்ந்தால் உங்கள் மவுஸோ கீபோர்டோ நின்றுபோகும், அதனால் பெயரை இரண்டு முறை படியுங்கள். லினக்ஸில் குச்சியை டிவி டிரைவர் பிடித்துக்கொள்ளும். அந்த டிரைவர் மாட்யூலை, தானாக ஏறாமல் தடுக்கும் பட்டியலான பிளாக்லிஸ்ட்டில் சேர்த்துவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள்.

படி 4: மென்பொருள்

என் தேர்வு வெல்லே ஐஓ. இலவசம், திறந்த மூலம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். க்யூடி-டேப் இன்னும் நிறைய விவரம் காட்டும், ஆனால் புதிதாக வருபவர் அதன் ஜன்னல்களைப் பார்த்தே மிரண்டுவிடுவார். நிறுவியதும் எக்ஸ்பர்ட் மோடை இயக்கிவிடுங்கள். அடுத்த படிக்கு அது கட்டாயம் வேண்டும். அலைவரிசை நழுவலைச் சரிசெய்யும் 'கோர்ஸ் கரெக்டர்' திருத்தியை முடக்கும் ஒரு வசதியும் அமைப்புகளில் உண்டு. அதைத் தொடாதீர்கள்.

படி 5: ஆன்டெனாவும் கெயினும்

என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்த படி இதுதான், பலரும் விட்டுவிட்டுப் போவதும் இங்கேதான். அதனால் நிதானமாகப் போவோம்.

முதலில் ஆன்டெனா. 75-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 11டி பிளாக் 222.064 மெகாஹெர்ட்ஸ், ஆக சுமார் 34 சென்டிமீட்டர். 5ஏ என்றால் சுமார் 43. இரட்டைக்கம்பி ஆன்டெனாவில் இரண்டு கம்பிகளையும் இந்த நீளத்துக்கு இழுத்து, ஒன்றை மேல்நோக்கியும் ஒன்றைக் கீழ்நோக்கியும் நிறுத்துங்கள். டிவி ஆன்டெனா மாதிரி படுக்கை வாட்டில் வைக்காதீர்கள். டிஏபி பெரும்பாலும் செங்குத்து அலையாகத்தான் வருகிறது. ஜன்னலோரம் வைத்தால் நல்லது.

இப்போது ஸ்கேன் கொடுங்கள். நிலையங்கள் வந்துவிட்டால் அதிர்ஷ்டசாலி. வரவில்லையென்றால், எல்லோரும் உடனே செய்வது கெயினை, அதாவது சமிக்ஞையைப் பெருக்கும் அளவை, முழுதாக ஏற்றுவது. பெரும்பாலும் அதுதான் காரியத்தைக் கெடுக்கிறது.

குச்சிக்குள் இருப்பது, வரும் அலையை எண்களாக்கும் 8 பிட் மாற்றி. சிறிய சமிக்ஞையும் பெரிய சமிக்ஞையும் சேர்ந்து வந்தால் அதனால் தாங்க முடியாது. அருகில் ஒரு எஃப்எம் கோபுரம் இருந்தால் அதன் வலிமை குச்சியை நிறைத்துவிடும். பக்கத்தில் ஒருவர் கத்திக்கொண்டிருக்கும்போது தூரத்தில் பேசுபவர் குரல் கேட்காதது போலத்தான். நாம் கெயினை ஏற்றினால் கத்தலும் சேர்ந்து ஏறுகிறது.

செய்ய வேண்டியது இது. தானியங்கி கெயினை அணைத்துவிடுங்கள். குறித்து வைத்த பிளாக்கை நேரடியாகத் தேர்ந்தெடுங்கள். கெயினை 20 டெசிபெல் அருகில் வைத்து, திரையில் எஸ்என்ஆர் எண்ணைப் பாருங்கள். இரைச்சலைவிடச் சமிக்ஞை எவ்வளவு ஓங்கி இருக்கிறது என்று அது காட்டும். ஒரு படி ஏற்றிச் சில விநாடி பொறுங்கள். எண் கூடினால் இன்னும் ஒரு படி. கூடுவது நின்றாலோ குறைந்தாலோ ஒன்றிரண்டு படி இறங்கி அங்கேயே நிறுத்துங்கள். அவ்வளவுதான். உச்சமான 49.6 இருக்கிறதே என்று போக வேண்டாம்.

எண்ணை மட்டும் நம்பாமல், எந்த அலைவரிசையில் எவ்வளவு வலிமை என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் படத்தையும் பாருங்கள். நல்ல டிஏபி சமிக்ஞை, 1.5 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், உச்சி தட்டையாக, இரு பக்கமும் செங்குத்தாக இறங்கும் மேடையாகத் தெரியும். வந்து சேரும் தகவலைப் புள்ளிகளாகக் காட்டும் கான்ஸ்டலேஷன் படத்தில் புள்ளிகள் நான்கு குவியல்களாகச் சேரும். குவியல்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரே புகையாகத் தெரிந்தால் சமிக்ஞை போதாது, அல்லது கெயின் அதிகம். ஒலிபரப்பே இல்லாத பிளாக்குகளிலும் மேடை மேடையாகத் தெரிந்தால் சந்தேகமே இல்லை, குச்சி நிரம்பி வழிகிறது. எவ்வளவு இறக்கியும் சரிவரவில்லையென்றால் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை தடுக்கும் எஃப்எம் வடிகட்டி ஒன்றை நடுவில் மாட்டுங்கள். விலையுயர்ந்த ஆன்டெனாவுக்கு முன் இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

படி 6: கேளுங்கள், கூடவே கவனியுங்கள்

நிலையத்தைத் தொட்டதும் ஒலி வரும், பாடல் பெயரும் சில நேரம் படமும் வரும். அதோடு நிற்காமல் நிலையத்தின் பிட்ரேட்டையும், அதாவது ஒலிக்கு விநாடிக்கு எத்தனை கிலோபிட் செலவிடுகிறார்கள் என்பதையும், பாருங்கள். டிஜிட்டல் ரேடியோவை மக்கள் ஏன் முழு மனதோடு ஏற்கவில்லை என்பதற்கு ஒரு விடை அங்கே இருக்கிறது. வழக்கமான பிழைப் பாதுகாப்போடு ஒரு பிளாக்கில் விநாடிக்குச் சுமார் 1,152 கிலோபிட் கொள்ளும். 64 வீதம் கொடுத்தால் 18 நிலையங்கள். 32 வீதம் கொடுத்தால் 36. இடம் வாடகைக்கு விடுபவருக்கு எது பிடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 32-இல் ஓடும் இசை நிலையத்தை ஹெட்போனில் கேளுங்கள், சிம்பல் ஒலி கரகரப்பது தெரியும். அடுத்து 96-இல் ஓடும் ஒன்றைக் கேளுங்கள். முறையில் கோளாறு இல்லை, பிட்டுகளைப் பங்கு போடுவதில்தான் கோளாறு.

இணையத்தில்தான் எல்லாம் கிடைக்கிறதே என்று சொல்வார்கள். நானும் இணைய வானொலி கேட்பவன்தான். ஆனால் புயலில் கைபேசிக் கோபுரங்கள் விழும்போது, டேட்டா இல்லாமல், கணக்குத் திறக்காமல், யார் எதைக் கேட்கிறார்கள் என்று எவரும் எண்ணாமல் வீட்டுக்குள் வரும் குரல் ஒலிபரப்பு ஒன்றுதான். ஒரு கோபுரம் ஆயிரம் பேருக்கும் லட்சம் பேருக்கும் ஒரே மின்சாரத்தில் பேசுகிறது. அது எஃப்எம்மாக நீடிக்கட்டும், டிஜிட்டலாக மாறட்டும், இழந்துவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

பின்னர் சேர்த்தவை

"நிலையங்களின் பெயர் வருகிறது, ஒலி மட்டும் வரவில்லை" என்று பலர் எழுதியிருந்தார்கள். பெயர்ப்பட்டியலுக்கு ஒலியைவிட வலுவான பிழைப் பாதுகாப்பு உண்டு. அதனால் சமிக்ஞை விளிம்பில் இருக்கும்போது பட்டியல் வரும், ஒலி வராது. மென்பொருளை மறுபடி நிறுவ வேண்டாம். படி 5-க்குத் திரும்பி ஆன்டெனாவை ஒரு அடி நகர்த்திப் பாருங்கள். எஃப்எம் மாதிரி இரைச்சலோடு மெல்ல மங்குவது டிஜிட்டலில் இல்லை. தெளிவாகக் கேட்கும், இல்லையென்றால் விட்டுவிட்டு வெட்டும், பிறகு மௌனம். பழைய ரேடியோ பழகியவர்களுக்கு இது எரிச்சலூட்டுவது நியாயம்தான்.

ஆண்ட்ராய்டு கைபேசியில் முடியுமா என்று கேட்டவர்களுக்கு: முடியும். கைபேசியில் யுஎஸ்பி கருவியைச் செருக உதவும் ஓடிஜி கம்பியும், குச்சிக்கான தனி டிரைவர் செயலியும் வேண்டும். பேட்டரி வேகமாகக் கரையும்.

டிஏபியே இல்லாத இடத்தில் இருப்பவர்களுக்கு: அமெரிக்காவில் எஃப்எம் அலையோடு சேர்ந்தே எச்டி ரேடியோ என்ற டிஜிட்டல் முறை வருகிறது. அதே குச்சியில் என்ஆர்எஸ்சி5 மென்பொருளைப் போட்டால் கேட்கலாம். இந்தியாவில் ஆகாஷ்வாணி மத்திய அலையில் டிஆர்எம் என்ற இன்னொரு டிஜிட்டல் முறையில் ஒலிபரப்புகிறது, ஆனால் அதை எடுக்கும் பெட்டிகள் வீடுகளில் மிகக் குறைவு. எதையும் வாங்காமல் டிஆர்எம் கேட்க, உலாவியில் ஒரு கிவிஎஸ்டிஆர் ரிசீவரை (வேறொருவர் தன் இடத்தில் வைத்து, இணையம் வழியாக எவரும் கேட்கத் திறந்துவிட்ட ரேடியோ) திறந்து, எக்ஸ்டென்ஷன் பட்டியலில் டிஆர்எம் தேர்ந்து, அதிலேயே வரும் நிலைய அட்டவணையில் அந்த நேரத்தில் ஓடுவதைத் தொடுங்கள். சிற்றலையில் ரேடியோ ருமேனியா போன்றவை கிடைக்கும். ஒலிபரப்பு நிலையத்துக்கு மிகப் பக்கத்தில் உள்ள ரிசீவரை எடுக்காதீர்கள், சிற்றலை அதைத் தாண்டிக் குதித்துப் போய்விடும். ஏற்கெனவே பலர் கேட்டுக்கொண்டிருக்கும் ரிசீவரில் டிஆர்எம் திறக்காமல் போகலாம். வேறொன்றுக்கு மாறுங்கள்.