அயர்லாந்தின் பழைய மடங்களுக்குக் குழுவைக் கூட்டிப்போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அயர்லாந்தில் கெல்டிக் காலத் தடயங்களையும் ஆதிக் கிறிஸ்தவ மடங்களையும் பார்க்க வரும் குழுக்களுக்கு வழிகாட்டுவது என் வேலை. லண்டன், டப்ளின் தேவாலயப் பங்குகளிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் வருவார்கள். சென்னையிலிருந்து வரலாற்று ஆர்வத்தோடு சிலர் வருவார்கள். இப்போது புதிதாகப் பலர் இந்தப் பயணங்களை நடத்தத் தொடங்கியிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அவர்கள் போடும் திட்டங்களைப் பார்த்தால், நாங்கள் தொடக்கத்தில் தடுமாறிய அதே இடங்களில்தான் அவர்களும் தடுமாறுகிறார்கள்.

மழைக்கோட்டு, வழுக்காத ஷூ, இருமல் மருந்து எல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. பயணத்தையே கெடுக்கக்கூடியவற்றை மட்டும் எழுதுகிறேன்.

நியூகிரேஞ்சைக் கெல்ட்டுகள் கட்டினார்கள் என்பது

பாய்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் நியூகிரேஞ்ச் கல்லறை மேடு கி.மு. 3200 வாக்கில் எழுந்தது. கீசா பிரமிடுகளைவிடப் பழையது. கெல்டிக் என்று நாம் அடையாளம் காணும், ஐரோப்பிய இரும்புக்காலத்து லா தேன் பாணிக் கலைவேலைப்பாடு அயர்லாந்துக்கு வந்ததோ கி.மு. 300 வாக்கில். நடுவில் கிட்டத்தட்ட மூவாயிரம் ஆண்டுகள். ஆனாலும் உள்ளறையில் செதுக்கியிருக்கும் மூன்று சுழிகளைக் காட்டி, "இதுதான் கெல்டிக் சின்னம்" என்று புது வழிகாட்டிகள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். பரிசுப்பொருள் கடைகள் சொல்வதைத் திருப்பிச் சொல்ல வழிகாட்டி எதற்கு?

நியூகிரேஞ்சுக்குக் கட்டாயம் கூட்டிப்போங்கள். ஆண்டின் மிகக் குறுகிய பகல் வரும் குளிர்காலக் கதிர்த்திருப்பத்தை ஒட்டிய நாட்களில் விடியல் வெளிச்சம் வாசலுக்கு மேலுள்ள சிறு திறப்பு வழியாக நுழைந்து, பாதை முழுக்க ஊர்ந்து, உள்ளறைக்குள் பதினேழு நிமிடம் நிற்கும். 1967-இல் மைக்கேல் ஓ'கெல்லி என்ற தொல்லியலாளர் அதை நேரில் பார்த்தார். அந்தக் கதையைச் சொல்லுங்கள். கெல்டிக் இரும்புக்காலத்தைக் காட்ட வேண்டுமென்றால் டப்ளின் கில்டேர் தெருவிலுள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குப் போங்கள். பிராய்ட்டர் தங்கக் கழுத்தணியும் லாக்னஷேட் வெண்கல ஊதுகொம்பும் அங்கேதான் இருக்கின்றன. நுழைவுக் கட்டணமும் கிடையாது.

கடைசி நாளில் ஸ்கெலிக் மைக்கேல்

இதைத்தான் விரிவாக எழுத வேண்டும். வருடா வருடம் பார்க்கிறேன், இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

தென்மேற்கு அயர்லாந்தின் கெர்ரி கடற்கரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி, அட்லாண்டிக்கில் செங்குத்தாக நிற்கிற பாறைத்தீவு ஸ்கெலிக் மைக்கேல். ஆறாம் நூற்றாண்டுக்கும் எட்டாம் நூற்றாண்டுக்கும் இடையில் எப்போதோ துறவிகள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். சாந்து பூசாமல் கல்லைக் கல்மேல் அடுக்கி, தேன்கூடு மாதிரி குவிந்த ஆறு குடில்களையும் சிற்றாலயங்களையும் கட்டினார்கள். 824-இல் வடக்கேயிருந்து வந்த கடற்கொள்ளையரான வைக்கிங்குகள் மடத்துத் தலைவர் எட்கலைப் பிடித்துப்போனார்கள். பசியிலும் தாகத்திலும் அவர் இறந்தார் என்று ஆண்டுக்குறிப்புகள் சொல்கின்றன. 1996-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். மேலே நின்று அந்தக் குடில்களைப் பார்த்தவர்கள் அதை ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள். விளம்பரத்தின் முதல் படமாக எல்லோரும் அதைப் போடுவதன் காரணம் எனக்குப் புரிகிறது.

ஆனால் அந்தத் தீவில் இறங்குவது யார் கையிலும் இல்லை. இறங்குமிடம் என்பது பாறையில் வெட்டிய சில படிகள்தான். படகு அலையோடு மேலே எழும்பும் நொடியில் காலை எடுத்துப் படியில் வைக்க வேண்டும். படகுகள் கிளம்பும் போர்ட்மகீ துறையில் வெயில் அடிக்கும், காற்றே இருக்காது. ஆனால் தொலைவில் எங்கோ அடித்த புயலின் அலை தீவில் மோதிக்கொண்டிருக்கும். அன்று இறங்க முடியாது. படகுக்காரர் காலையில் "இல்லை" என்றால் அவ்வளவுதான். அவரிடம் கெஞ்சுவது மரியாதையும் இல்லை, புத்திசாலித்தனமும் இல்லை.

பருவமே மே நடுவிலிருந்து செப்டம்பர் முடியத்தான். ஒரு நாளைக்குச் சுமார் 180 பேருக்கு மட்டும் அனுமதி. ஒரு படகில் 12 பேர். அதாவது இருபது பேர் கொண்ட குழுவுக்கு ஒரே நாளில் இரண்டு படகு பிடிக்க வேண்டும், அதுவும் பல மாதம் முன்னால். ரத்தானால் மறுநாள் போய்க்கொள்ளலாம் என்று நினைக்கவே வேண்டாம். மறுநாள் படகுகள் ஏற்கெனவே நிரம்பியிருக்கும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டே அதைக் கடைசி நாளில் வைக்கிறார்கள். "உச்சக்கட்டமாக முடியட்டும்" என்பார்கள். ஒரு கோடையில் போர்ட்மகீயில் ஒரு புது அமைப்பாளரைப் பார்த்தேன். அவருடைய குழுவில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள். மறுநாள் மதியம் டப்ளினில் விமானம். காலையில் படகுகள் ரத்து என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் குழுவுக்கும் அன்றுதான் படகு, எங்களுக்கும் ரத்து. நாங்கள் கிளம்பிவிட்டோம். அவரோ, கடல் தணியும், மதியம் விடுவார்கள் என்று குழுவைத் துறையிலேயே நிற்க வைத்திருந்தார். எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மா குடையைக் கையில் பிடித்தபடி கற்சுவரில் உட்கார்ந்திருந்தார். "இதுக்காகத்தான் தம்பி இவ்வளவு தூரம் வந்தேன்" என்று என்னிடம் சொன்னார். சாயங்காலம் நாங்கள் திரும்பி வந்தபோது அவர்களுடைய கோச் அப்போதுதான் டப்ளினுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. ஒரு முழு நாள் அந்தத் துறையிலேயே போயிருந்தது.

படகு போகாதது அவர் தவறில்லை. மாற்று ஏற்பாடு ஒன்றுகூட வைத்திருக்காதது அவர் தவறு. அந்தத் துறையிலிருந்து கொஞ்ச நேரத்திலேயே போய்ச் சேரும் தூரத்தில் பாலின்ஸ்கெலிக்ஸ் மடம் இருக்கிறது. ஸ்கெலிக்கின் துறவிகள் தீவை விட்டு வெளியேறியபோது கரையில் வந்து தங்கிய இடம் அது. இன்று நிற்கும் சுவர்களில் பெரும்பகுதி பிற்காலத்தவை. கடல் அரித்து அரித்து மடத்தின் வாசலுக்கே வந்துவிட்டது. அந்தத் தீவின் கதையை முடித்துவைக்கும் இடமே அதுதான். அங்கே உட்கார்ந்துதான் எங்கள் குழுவுக்கு எட்கலின் கதையைச் சொன்னேன். மழை தூறியது, யாரும் எழுந்திருக்கவில்லை. அப்புறம் காகர்சிவீன் பக்கம் போனால் காகர்கல், லெகனபுவெய்ல் என்று இரண்டு வட்டக் கற்கோட்டைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. பாலத்தைக் கடந்தால் வாலன்ஷியா தீவு. அதன் பிரே முனைக்கு நடந்தால் ஸ்கெலிக் மைக்கேலும் அதன் பக்கத்திலுள்ள சிறு ஸ்கெலிக்கும் கடலில் தெரியும். அந்த அம்மாவுக்கு அதையாவது காட்டியிருக்கலாம்.

ஆகவே நான் செய்வது இது. கெர்ரிப் பகுதியில் மூன்று இரவாவது வைப்பேன். படகை அந்த நாட்களில் முதல் நாளுக்கே போடுவேன். பயணக் கட்டணத்தில் ஸ்கெலிக்கைச் சேர்க்க மாட்டேன். படகுக்கு வரும் நூறு யூரோவுக்கும் மேற்பட்ட தொகை தனிக் கணக்கு. "கடல் விட்டால் போகலாம்" என்று முதல் கடிதத்திலேயே எழுதிவிடுவேன். கரையில் ஒரு முழு நாள் திட்டத்தை, மதியச் சாப்பாடு உட்பட, தயாராக வைத்திருப்பேன். படகு போனாலும் அந்தத் திட்டம் வீணாகாது. ஏனென்றால் குழுவில் எல்லோரும் ஏறக்கூடியவர்கள் இல்லை. மேலே போக 618 படிகள், பெரும்பாலான இடங்களில் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது, தீவில் கழிப்பறையும் கிடையாது. 2009-இல் இரண்டு பயணிகள் விழுந்து இறந்திருக்கிறார்கள். முழங்கால் வலி உள்ளவரை "மெதுவாக ஏறலாம், வாங்க" என்று உற்சாகப்படுத்துவது குற்றம். அவர்கள் கரையில் தங்கினால் அவர்களுக்கும் ஒரு வழிகாட்டி கூட இருக்க வேண்டும்.

தேன்கூட்டுக் குடிலின் கட்டுமான நுட்பத்தை எப்படியும் காட்ட வேண்டும் என்றால் டிங்கிள் தீபகற்பத்துக்குப் போங்கள். கவிழ்த்த படகு வடிவில் கலாரஸ் சிற்றாலயம் நிற்கிறது. அதுவும் கல் அடுக்கிக் கட்டியதுதான். உள்ளே போனால் கண் இருட்டுக்குப் பழகச் சற்று நேரமாகும். பழகிய பிறகு, ஒவ்வொரு வரிசைக் கல்லும் கீழ் வரிசையைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளி வந்து உச்சியில் சேர்வதைத் தொட்டுவிடும் தூரத்தில் பார்க்கலாம். ஸ்கெலிக்கில் கூட்டமும் நேரக் கெடுவும் சேர்ந்து இப்படி நின்று பார்க்க விடாது.

சிலுவைகளை நண்பகலில் பார்ப்பது

மொனாஸ்டர்பாய்ஸ் என்ற பழைய மடத்தில் இருக்கும் முயிரெதக் கற்சிலுவை சுமார் ஐந்தரை மீட்டர் உயரம். ஆயிரத்து நூறு ஆண்டுகளாக வெட்டவெளியில் நிற்கிறது. அதன் சிற்பங்கள் மணற்கல்லில் புடைத்தவை. உச்சி வெயிலில் எல்லாம் ஒரே சாம்பல் பரப்பாகத் தெரியும். கிழக்கு முகத்தில் இறுதித் தீர்ப்பு. மிக்கேல் தூதர் ஆன்மாவைத் தராசில் நிறுக்கிறார்; கீழே ஒரு பேய். இதைக் காலை வெயிலில் பார்க்க வேண்டும். மேற்கு முகத்தில் சிலுவைப்பாடு. அதற்கு மாலை வெயில். அந்த முகத்தின் அடியில் குனிந்து பார்த்தால், முயிரெதக்கின் பெயருள்ள கல்வெட்டுக்குப் பக்கத்தில் இரண்டு பூனைகள் இருக்கும். குழந்தைகள் முதலில் கண்டுபிடிப்பது அவற்றைத்தான். பத்து மணிக்குள் போய்ச் சேருங்கள். அங்கே இன்றும் அடக்கம் நடக்கிறது. கல்லறைகள்மேல் ஏறிப் படம் எடுக்க விடாதீர்கள்.

544-இல் புனித கியரான் நிறுவிய கிளான்மக்நாய்ஸ் மடத்தில் வேறு சிக்கல். வெளியே வெட்டவெளியில் நிற்பவை நகல்கள். மூலச் சிலுவைகளை மழையிலிருந்து காப்பாற்றிப் பார்வையாளர் மையத்துக்குள்ளே வைத்திருக்கிறார்கள். ஒரு குழு நேராக வெளியே ஓடி, நகல் முன்னால் நின்று ஜெபமும் சொல்லி, படமும் எடுத்து, உள்ளே நுழையாமலே பஸ் ஏறிப் போனதைப் பார்த்திருக்கிறேன். முதலில் உள்ளே போங்கள்.

வட்டக் கோபுரம் வைக்கிங்குகளிடமிருந்து ஒளியக் கட்டியது என்பது

பழைய மடங்களில் நிற்கும் ஒல்லியான, உயரமான கற்கோபுரம் அது. உண்மையில் மணிக்கூண்டு. வாசல் தரையிலிருந்து உயரத்தில் இருப்பதால் இந்தக் கதை பிறந்தது. ஆனால் ஒளிய ஏற்ற இடமல்ல; தீப்பிடித்தால் அந்தக் கோபுரம் புகைபோக்கியாகிவிடும். மொனாஸ்டர்பாய்ஸ் கோபுரம் 1097-இல் நூல்களோடும் செல்வங்களோடும் எரிந்தது.

"ரோமை எதிர்த்த கெல்டிக் திருச்சபை"

கேட்க நன்றாக இருக்கும், நடந்தது அப்படி இல்லை. ஈஸ்டர் தேதியைக் கணக்கிடுவதிலும், துறவிகள் தலையை மழிக்கும் விதத்திலும் வேறுபாடு இருந்தது உண்மை. ஆனால் அயர்லாந்தின் தென்பகுதி மடங்கள் 630-களிலேயே ரோம முறைக்கு வந்துவிட்டன. இங்கிலாந்தில் ரோம முறையை ஏற்ற விட்பி மாமன்றம் கூடியது 664-இல். ஸ்காட்லாந்துத் தீவான அயோனாவின் மடம் 716 வரை தன் வழக்கத்தில் நின்றது. இது ஒரே சபைக்குள் நடந்த வாதம். பங்குக் குழுவோடு போகிறவர்கள் இதைக் கவனமாகச் சொல்ல வேண்டும். கேட்பவர்கள் இதை விசுவாசத்தோடு சேர்த்து எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒரே நாளில் நான்கு மடங்கள்

வேண்டாம். இரண்டு போதும்.

ஓகம் கல்லில் சாக்பீஸ் தேய்ப்பது

ஓகம் என்பது கல்லின் விளிம்பில் கோடுகளாக வெட்டிய பழைய ஐரிஷ் எழுத்து. அதில் சாக்பீஸ் தேய்க்கவே கூடாது. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தாலே விளிம்புக் கோடுகள் நிழல் விழுந்து தெரியும். கீழிருந்து மேலாகப் படியுங்கள்.

புனிதக் கிணற்று மரத்தில் பிளாஸ்டிக் ரிப்பன்

கட்டாதீர்கள்.

எல்லைச் சோதனை இல்லை, அதனால் விசா வேண்டாம் என்பது

அர்மா நகரமும், அயர்லாந்தின் காவல் புனிதரான பேட்ரிக்கின் கல்லறை என்று காட்டப்படும் இடம் இருக்கிற டௌன்பேட்ரிக்கும் வட அயர்லாந்தில் இருக்கின்றன. அதாவது வேறு நாடு, ஐக்கிய இராச்சியம். சாலையில் யாரும் நிறுத்த மாட்டார்கள்; ஆனால் சட்டம் சட்டம்தான். ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா அயர்லாந்து, ஐக்கிய இராச்சியம் இரண்டுக்குமே செல்லாது. இந்திய பாஸ்போர்ட்டோடு இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு, ஒரே குறுகிய கால விசாவில் இரண்டு நாட்டுக்கும் போகும் பிரிட்டிஷ்-ஐரிஷ் ஏற்பாடு ஒன்று உண்டு. விசாவில் அதற்கான குறிப்பு இருக்கிறதா என்று ஒவ்வொருவருடைய பாஸ்போர்ட்டையும் நீங்களே வாங்கிப் பாருங்கள். இல்லாதவர் ஒருவர் இருந்தாலும் அர்மாவை எடுத்துவிடுங்கள்.

வந்து இறங்கிய அன்றே கெல்ஸ் நூல்

கி.பி. 800 வாக்கில் கையால் எழுதிய நற்செய்தி நூல். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது. ஒரு நேரத்தில் விரித்துவைத்த சில பக்கங்கள் மட்டும்தான் பார்வைக்கு இருக்கும். இரவெல்லாம் விமானத்தில் வந்த கண்ணோடு அதன் முன்னால் நின்றால் எதுவும் மனதில் பதியாது. மொனாஸ்டர்பாய்ஸ், கிளான்மக்நாய்ஸ் எல்லாம் பார்த்து முடித்த பிறகு போனால், கல்லில் பார்த்த பின்னல்களையும் சுழிகளையும் நூலின் தோல் ஏடுகளில் மையால் தீட்டிய வடிவில் அவர்களே அடையாளம் கண்டு, ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்கள். கடைசி நாளுக்கு ஏற்றது இதுதான். காற்றோ அலையோ இதைத் தடுக்காது. நேரம் குறித்த டிக்கெட்டை முன்பே எடுங்கள். நூலகக் கட்டடத்தில் மறுசீரமைப்பு வேலை இருப்பதால், அந்தத் தேதியில் என்ன திறந்திருக்கும் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். கில்டேர் தெரு அருங்காட்சியகம் அங்கிருந்து நடக்கும் தூரம். ஞாயிறும் திங்களும் அது மதியம் ஒரு மணிக்குத்தான் திறக்கும்.