பக்கத்து வீட்டுப் புதியவருக்குத் தமிழ்ச் சொற்கள்: ஏரியாவும் மாடித்தோட்டமும் போதும்

பீகார், ஒடிசா, வங்காளம், நேபாளம் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் சென்னையில் நம் தெருவிலேயே குடியிருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் சொல்லித்தர நினைப்பவர்கள் முதலில் கையில் எடுப்பது உயிரெழுத்து அட்டை. அதை இப்போதைக்கு ஓரம் வையுங்கள். வேலை முடித்துக் களைத்து வருபவருக்கு நாளைக்கே வாயில் வரும் சொல்தான் முதலில் வேண்டும். அதை அவர் நடமாடும் ஏரியாவிலிருந்தும், சேர்ந்து வேலை செய்யக்கூடிய மாடித்தோட்டத்திலிருந்தும் எடுக்கலாம்.

1. முப்பது சொற்கள்

ஏரியா: தெரு, சந்து, முட்டுச்சந்து, மெயின் ரோடு, சிக்னல், பாலம், கோயில், மார்க்கெட், டீக்கடை, பஸ் ஸ்டாப்.

பிழைப்பு: ஊர், வாடகை, அட்வான்ஸ், ஹவுஸ் ஓனர், சாவி, கரண்ட், சம்பளம், லீவு, சில்லறை, தண்ணி லாரி.

தோட்டம்: தொட்டி, மண், விதை, நாத்து, உரம், இலை, பூ, காய், கீரை, பூச்சி.

ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் வேண்டாம். பேசுகிற மாதிரியே சொல்லுங்கள். ‘நீர்’, ‘நாற்று’ என்று ஏட்டுத் தமிழில் கற்றவருக்குக் கடைக்காரர் பேசுவது பிடிபடாது.

2. சொல்லோடு மூன்று ஒட்டு

பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். வெறும் பெயர்ச்சொல்லை மட்டும் கற்றவர் “கோடம்பாக்கம்... போ...” என்று நின்றுவிடுவார். முதல் வாரத்திலேயே ‘ல’, ‘க்கு’, ‘லேர்ந்து’ மூன்றையும் பழக்குங்கள்.

சைதாப்பேட்டைல இருக்கேன். சைதாப்பேட்டைக்குப் போகணும். சைதாப்பேட்டைலேர்ந்து வர்றேன்.

‘ம்’ என்று முடியும் பெயரில் ஒரு மாற்றம் உண்டு: கோடம்பாக்கத்துல, கோடம்பாக்கத்துக்கு, கோடம்பாக்கத்துலேர்ந்து. இந்த ஒன்று பழகினால் நுங்கம்பாக்கம், வில்லிவாக்கம், புரசைவாக்கம் எல்லாம் அதே அச்சில் வந்துவிடும். மாடியில் முருங்கை மரத்தைக் காட்டி ‘மரத்துல’, ‘மரத்துக்கு’ என்று சொல்லுங்கள்; விதி அங்கேயும் அதேதான் என்று அவருக்கே புலப்படும். இலக்கணப் பெயர் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

3. ஒரு தொட்டி சிறுகீரை

வினைச்சொல் கையோடு சேர்ந்து வந்தால்தான் நிற்கும். அகலமான ஆழமில்லாத தொட்டி ஒன்று, செம்மண் 2 பங்கு, தேங்காய்நார்த் தூள் 1 பங்கு, மக்கிய தொழு உரம் 1 பங்கு. ஒரு ஸ்பூன் விதையை ஒரு பிடி மணலோடு கலக்க வேண்டும். இல்லாவிட்டால் விதை ஒரே இடத்தில் குவிந்து விழும்.

செய்யச் செய்யச் சொல்லுங்கள்: “மண்ணைக் கலக்குங்க. விதையைத் தூவுங்க. தண்ணி தெளிங்க. ஊத்தாதீங்க!” ஊற்றினால் விதையெல்லாம் அடித்துக்கொண்டு ஓரத்தில் ஒதுங்கும். தெளிப்பதற்கும் ஊற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டை அந்தத் தொட்டியே காட்டிவிடும். ‘செய்யாதீங்க’ என்கிற எதிர்மறையும் கூடவே வரும். எறும்பு விதையை இழுத்துப் போவது மொட்டைமாடியில் வழக்கம். தொட்டியைச் சுற்றி வேப்பம் புண்ணாக்குத் தூள் போடுங்கள். ‘எறும்பு’ என்ற சொல்லும் அப்போது தானாக வரும். மூன்று, நான்கு வாரத்தில் கீரை பறிக்கலாம்.

தொட்டிகளில் பெயர் எழுதிச் செருகுவதானால் பென்சிலால் எழுதுங்கள். சென்னை வெயிலில் மார்க்கர் மை சீக்கிரம் வெளுத்துவிடும். தமிழ் எழுத்துக்குக் கீழே அவருடைய எழுத்திலும் எழுதச் சொல்லுங்கள்.

4. ‘ங்க’ சேர்க்கப் பழக்குங்கள்

வேலையிடத்தில் புதியவர் காதில் விழுவது பெரும்பாலும் ‘வா’, ‘போ’, ‘எடு’தான். அதையே அவர் ஒரு பெரியவரிடம் திருப்பிச் சொன்னால் எதிரில் இருப்பவர் முகம் மாறும். ஏன் என்று அவருக்குப் புரியாது. அது அவர் குற்றமில்லை, யாரும் சொல்லித்தரவில்லை. ‘வாங்க’, ‘சொல்லுங்க’, ‘குடுங்க’ என்றே எப்போதும் அவரிடம் பேசுங்கள். ஆட்டோக்காரருக்கு ‘அண்ணா’, பூக்காரிக்கு ‘அக்கா’ என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

5. ஒலி, பிறகு எழுத்து

‘ழ’வைத் திருத்தி அவரைச் சோர்வாக்க வேண்டாம், ‘பழம்’ எப்படிச் சொன்னாலும் கிடைக்கும். ‘க’வைக் கவனியுங்கள். தமிழில் ஒரே எழுத்து இரண்டு ஒலி தருவது இந்தி, வங்காளம் படித்தவர்களைக் குழப்பும். ‘பாக்கம்’ என்பதில் இரட்டித்து வருவதால் வல்லொலி (k), ‘நகர்’ என்பதில் தனித்து நடுவில் வருவதால் மெல்லொலி (g).

முப்பது சொல்லும் வாக்கியத்தில் வர ஆரம்பித்ததும் பஸ் ஸ்டாப்பில் நின்று பெயர்ப்பலகை படிக்கத் தொடங்கலாம். தினமும் அவர் ஏறும் பஸ்ஸின் ஊர்ப்பெயரே முதல் பாடம்.