வீட்டுக்குள் ஏர் பிஸ்டல் பயிற்சி: பெல்லட் பெட்டியில் இருந்து ஆரம்பிப்போம்

கைத்துப்பாக்கித் தோட்டாவை வீட்டிலேயே திரும்ப நிரப்பிச் சுட்டுப் பழகலாமா என்று புதிதாக வருகிற பையன்கள் கேட்கிறார்கள். வெளிநாட்டு வீடியோக்கள் கிளப்பிவிட்ட ஆசை. இங்கே அந்தப் பேச்சே வேண்டாம். உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவுப்படி குற்றம். ஜெயிலுக்குப் போக வேண்டிவரும்.

குறி பழக, காற்றழுத்தத்தால் பெல்லட் என்ற சின்ன ஈயக் குண்டைச் சுடும் ஏர் பிஸ்டலே தாராளம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வாங்கிய இரண்டு வெண்கலமும் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வந்ததுதான். குழல் விட்டம் 4.5 மி.மீ., ஆற்றல் 20 ஜூல், இரண்டையும் தாண்டாத ஏர் பிஸ்டலுக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. வாங்கிய பில்லை மட்டும் பத்திரப்படுத்துங்கள்.

முதலில் இடம். மதுரைப் பக்கத்துப் பழைய வீடுகளில் வாசலில் இருந்து கொல்லை வரை நேராகப் பார்த்தால் 10 மீட்டர் கிடைத்துவிடும். ஆனால் வீட்டில் எல்லோரும் நடமாடுகிற வழியும் அதுதான். சுடுகிற நேரத்தில் கொல்லைக் கதவும் பக்கத்து அறைக் கதவுகளும் உள்பக்கம் தாழிட்டிருக்க வேண்டும், வீட்டில் எல்லோருக்கும் சொல்லியிருக்க வேண்டும். மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். செல்லூரிலும் வில்லாபுரத்திலும் மாடியோடு மாடி ஒட்டிக் கிடக்கிறது. வத்தல் காயப்போட அடுத்த வீட்டு அக்கா எந்த நேரம் ஏறுவார் என்று நமக்கு எப்படித் தெரியும்?

இனி, சுட்ட பெல்லட்டைப் பிடித்து நிறுத்தும் பெட்டி. இதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். இரண்டடிக்கு இரண்டடி அகலமாக, ஓரடி ஆழத்தில் மரப்பெட்டி ஒன்று. உள்ளே பின்பக்கம் முழுக்க 3 மி.மீ. இரும்புத் தகடு. தகட்டுக்கு முன்னால், தையல் கடையில் வாங்கிய வெட்டுத் துணியைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கமாக அடையுங்கள். முன்முகத்தை அட்டையால் மூடி, அதன் நடுவில் டார்கெட்டை ஒட்டுங்கள். பலகையை மட்டும் நிறுத்திவைத்துச் சுடுகிறவர்கள் உண்டு. கெட்டியான மரத்தில் பட்ட பெல்லட் சுட்டவர் முகத்துக்கே திரும்பி வரும். அதனால் பெட்டி இருந்தாலும் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் நிற்காதீர்கள். பெட்டிக்குப் பின்னால் செங்கல் சுவர் இருக்கட்டும். ஜன்னலோ கதவோ கூடாது.

பெட்டி தயாரானதும் மூன்று மீட்டரில் நின்று, ஒரே இடத்தில் பத்து பெல்லட் சுடுங்கள். பிறகு அட்டையைப் பிரித்துத் துணிக்குள் கையுறை போட்டுத் துழாவுங்கள். முனை சப்பி, பாவாடை மாதிரி இருக்கும் பின்பக்கம் விரிந்த பெல்லட்டுகள் துணி நடுவிலேயே சிக்கியிருந்தால் பெட்டி சரி. தகடு வரை போய்த் தட்டையாகியிருந்தால் இன்னும் துணி அடைக்க வேண்டும். சில நூறு பெல்லட்டுக்கு ஒருமுறை துணியைக் கலைத்து அடையுங்கள், ஒரே இடத்தில் அடிபட்டுப் பொந்து விழுந்திருக்கும்.

போட்டி விதிப்படி டார்கெட்டின் நடுப்புள்ளி தரையில் இருந்து 140 செ.மீ. உயரம். கறுப்பு வட்டம் 59.5 மி.மீ., பத்துப் புள்ளி வட்டம் வெறும் 11.5 மி.மீ. வீட்டில் ஐந்து மீட்டர்தான் இருக்கிறதா? டார்கெட்டைப் பாதி அளவில் பிரிண்ட் எடுங்கள். உயரத்தையும் மாற்ற வேண்டும், பலர் இதைக் கவனிப்பதில்லை. உங்கள் கண் 160 செ.மீ. உயரத்தில் இருந்தால், பாதி தூரத்தில் டார்கெட் 150 செ.மீ.யில் இருக்க வேண்டும். அப்போதுதான் கை தூக்குகிற கோணம் அப்படியே இருக்கும்.

பிஸ்டலைக் கையில் எடுத்த நொடியில் இருந்து கீழே வைக்கிற வரை குழல் பெட்டியைத்தான் பார்க்க வேண்டும். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டாலும் பிஸ்டலோடு திரும்பக் கூடாது, வைத்துவிட்டுத் திரும்புங்கள். குழலை மடக்கி பெல்லட் போடுகிற வகை என்றால், மற்றொரு கையால் குழலை இறுகப் பிடித்துக்கொண்டே போடுங்கள். விட்டால் படாரென்று மூடி விரலை நசுக்கிவிடும். சுடத் தயாராகும் வரை விரல் ட்ரிகருக்கு வெளியே.

சுடும்போது கண் டார்கெட்டில் இல்லை, குழல் நுனியில் குறிபார்க்க வைத்திருக்கும் ஃப்ரன்ட் சைட்டில். டார்கெட் மங்கலாகத் தெரிவதே சரி. கறுப்பு வட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, வெள்ளையில் குறிவைத்து, ட்ரிகரை அவசரமில்லாமல் நேர்பின்னால் அழுத்துங்கள். கை ஆடத்தான் செய்யும், ஆட்டம் நிற்கட்டும் என்று காத்திருந்து வெடுக்கென்று இழுக்கிறபோதுதான் குறி தவறுகிறது. பத்து விநாடிக்குள் சுட முடியவில்லையா, கையை இறக்கிவிட்டு மறுபடி தூக்குங்கள்.

பிஸ்டலோடு கண்மாய்க்கரைக்கோ கீழக்குயில்குடி மலைப்பக்கமோ போகாதீர்கள். மயிலும் கொக்கும் 1972 வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. சட்டம் இல்லாவிட்டாலும் அவற்றைச் சுட நமக்கு என்ன உரிமை?

பெல்லட் ஈயம். வாயில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடும் பழக்கத்தை இன்றே விடுங்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் டீ டம்ளரைத் தொட வேண்டும். பெட்டியைச் சுற்றி விளக்குமாறு போட்டால் ஈயத்தூள் பறக்கும், ஈரத்துணியால் துடையுங்கள். தவழ்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் அந்த அறைக்குள் குழந்தையை விடவே வேண்டாம். சேர்ந்த ஈயத்தை மூடி போட்ட டப்பாவில் வைத்திருந்து பழைய இரும்புக் கடையில் போடுங்கள். வீட்டு அடுப்பில் உருக்காதீர்கள்.