கல் அறுக்கும் மெஷினுக்கு கூலன்ட் பம்ப் பொருத்துவது: முதலில் தொட்டி, அப்புறம்தான் பம்ப்

14 அங்குல (350 மி.மீ.) டைமண்ட் பிளேடு போட்ட டேபிள் மெஷினை மனதில் வைத்துத்தான் இந்த விளக்கம். கிரானைட், கடப்பா கல், மார்பிள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். கையில் பிடித்து வெட்டும் 4 அங்குல மார்பிள் கட்டருக்குப் பொருந்தாது. பிளேடு மாட்டுவது, பெல்ட் இழுப்பது, டேபிள் மட்டம் பார்ப்பது எல்லாம் முடிந்துவிட்டன, தண்ணீர் மட்டும்தான் பாக்கி என்று வைத்துக்கொள்கிறேன்.

தண்ணீருக்கு மூன்று வேலை. பிளேடைக் குளிர்விக்கிறது, வெட்டிலிருந்து கல்மாவைக் கழுவி வெளியேற்றுகிறது, தூசி பறக்காமல் அமுக்குகிறது. மூன்றாவதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கிரானைட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குவார்ட்ஸ். அதன் நுண்தூசி நுரையீரலுக்குள் போய்த் தங்குவதால் வருவதுதான் சிலிக்கோசிஸ், அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. கடையில் 'கருப்பு கிரானைட்' என்று விற்பது பெரும்பாலும் டோலரைட், காப்ரோ வகைக் கல். அதில் குவார்ட்ஸ் குறைவு என்றாலும் தண்ணீர் இல்லாமல் வெட்டக் கூடாது.

எவ்வளவு தண்ணீர் வேண்டும்

350 மி.மீ. பிளேடுக்கு நிமிடத்துக்கு 12 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்துக்கு 6 லிட்டர். 10 லிட்டர் பக்கெட் 50 வினாடியில் நிரம்பினால் அளவு சரி.

வெட்டிலிருந்து வழியும் தண்ணீரை விரலில் தொட்டுப் பாருங்கள். நீர்மோர் பதத்தில் இருக்க வேண்டும். இட்லி மாவு மாதிரி கெட்டியாக வந்தால் தண்ணீர் போதவில்லை. அந்தக் கெட்டி மாவு பிளேடின் இரும்பு வட்டத்தை உரசி, செக்மென்ட்டுக்கு (ஓரத்தில் ஒட்டியிருக்கும் டைமண்ட் பல்) நேர் கீழே அரித்துவிடும். அரித்த இடத்திலிருந்துதான் பிறகு செக்மென்ட் கழன்று பறக்கிறது.

படி 1: தொட்டி

புதிதாக ஆரம்பிப்பவர்கள் பம்ப் தேர்வுக்கு இரண்டு நாள் செலவழித்துவிட்டு, தொட்டி என்ற பெயரில் ஒரு பெயின்ட் பக்கெட்டை வைத்துவிடுகிறார்கள். அந்த வாரமே பம்ப் போய்விடும், பழி பம்ப் மேல் விழும்.

3.2 மி.மீ. அகல செக்மென்ட்டால் 20 மி.மீ. தடிமன் கிரானைட்டை ஒரு மீட்டர் நீளம் வெட்டினால் ஏறக்குறைய 170 கிராம் மாவு இறங்குகிறது. ஒரு நாளைக்கு 50 மீட்டர் வெட்டினால் 8½ கிலோ. அத்தனையும் தொட்டிக்குத்தான் வரும். அது எங்கே படிய வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யாவிட்டால் பம்புக்குள் போய்ப் படியும்.

தொட்டி ஆழமாக இருந்தால் மாவு நன்றாகப் படியும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஓடும் தண்ணீரில் மாவு படிவதைத் தீர்மானிப்பது ஆழம் அல்ல, மேற்பரப்பு. 10 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கல்துகள் 10 செ.மீ. கீழே இறங்க 18 நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். 50 மைக்ரான் துகளுக்கு 45 வினாடி போதும். தண்ணீர் எவ்வளவு அகலமாகப் பரந்து, எவ்வளவு மெதுவாக நகர்கிறதோ அவ்வளவு சின்னத் துகளும் கீழே இறங்க நேரம் கிடைக்கும்.

அதனால் 200 லிட்டர் நீல டிரம்மை நிற்க வைக்காதீர்கள். நீளவாக்கில் இரண்டாக அறுத்து, இரண்டு பாதியையும் மரக்கால் கொடுத்துப் படுக்க வையுங்கள். நிற்கும் டிரம்மில் மேற்பரப்பு 2¾ சதுர அடிதான். இரண்டு பாதியும் சேர்ந்தால் 10 சதுர அடிக்குப் பக்கத்தில் வரும். அதே டிரம், அதே 12 லிட்டர் ஓட்டம். கணக்குப்படி முன்னதில் 30 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்தான் முழுசாகப் படியும், பின்னதில் 15 மைக்ரான் வரை படியும். டிரம் வாங்கும்போது அதற்கு முன் அதில் என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். அமிலமோ பூச்சிமருந்தோ இருந்த டிரம் வேண்டாம்.

மெஷின் டிரேயிலிருந்து முதல் பாதிக்கு, அங்கிருந்து நிரம்பி வழிந்து இரண்டாம் பாதிக்கு, அதிலிருந்து பம்ப் இருக்கும் 50 லிட்டர் டப்புக்கு என்று தண்ணீர் போக வேண்டும். ஒன்றுக்கொன்று 4 அங்குலம் தாழ்வாக வையுங்கள். வழியும் இடத்தில் ஓட்டை போடாமல், விளிம்பில் ஓர் அடி அகலத்துக்கு ஓர் அங்குல ஆழத்தில் வெட்டி விடுங்கள். தண்ணீர் மெல்லிய படலமாக வழியும், அடியில் படிந்தது கிளம்பாது.

டிரேயிலிருந்து விழும் தண்ணீர் நேராகத் தொட்டியில் இடித்தால் படிந்த சேறு திரும்பக் கலங்கும். விழும் இடத்தில் ஒரு கோணிச் சாக்கை மடித்துக் கட்டித் தொங்கவிடுங்கள், வேகம் அடங்கிவிடும்.

டிரேக்கும் தொட்டிக்கும் நடுவே பைப் போடுவது எனக்குப் பிடிக்காது. எல்போவில் சேறு இறுகினால் குத்தி எடுக்க முடியாது. 4 அங்குல பிவிசி பைப்பை நீளவாக்கில் பிளந்து, வாய்க்கால் மாதிரி திறந்தபடி வையுங்கள். அடிக்கு அரை அங்குலம் சரிவு கொடுங்கள். அடைத்தால் கண்ணுக்குத் தெரியும், கையால் தள்ளிவிடலாம்.

படி 2: பம்ப்

ஏர் கூலர் பம்ப் மலிவு, தெருவுக்குத் தெரு கிடைக்கும். ஆனால் கல் வேலைக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அதன் ரோட்டர் ஒரு காந்தம், தண்ணீருக்குள்ளேயே, மிகச் சிறிய இடைவெளியில் சுற்றுகிறது. டைமண்ட் செக்மென்ட் தேயும்போது அதன் உலோகப்பொடியும் சேற்றில் கலக்கிறது. கருப்புக் கல்லில் மேக்னடைட் துகளும் உண்டு. இரண்டும் காந்தத்தில் போய் மீசை மாதிரி ஒட்டிக்கொள்ளும், ரோட்டர் இறுகிவிடும். கழற்றிப் பார்த்தால் ரோட்டர் மேல் கறுப்புப் பசை தெரியும். பழகும்வரை அதுதான் இருக்கிறது என்றால் தினம் கழற்றிக் கழுவுங்கள்.

லேத்துக்குப் போடும் 0.1 ஹெச்.பி. கூலன்ட் பம்ப்தான் என் தேர்வு. மோட்டார் மேலே காய்ந்த இடத்தில் நிற்கும், நீளமான தண்டின் அடியில் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) மட்டும் தண்ணீரில் இருக்கும். தண்ணீருக்குள் சீல் கிடையாது, அதனால் மாவு அரித்துச் சீல் போவது என்ற பேச்சே இல்லை. உறிஞ்சும் வாய் டப்பின் அடியிலிருந்து குறைந்தது 2 அங்குலம் மேலே நிற்கும்படி தண்டு நீளம் பார்த்து வாங்குங்கள். மேலே மோட்டார் தட்டைத் தண்ணீர் தொடக் கூடாது.

அட்டையில் போட்டிருக்கும் அதிகபட்ச உயரமும் அதிகபட்ச லிட்டரும் ஒரே நேரத்தில் கிடைக்காது. அந்த உயரத்தில் தண்ணீர் எட்டி நிற்கும், வெளியே வராது. உங்கள் நாசில் டப்பின் தண்ணீர் மட்டத்திலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருந்தால், குறைந்தது 3 மீட்டர் போட்ட பம்ப் வாங்குங்கள்.

மூன்று ஃபேஸ் பம்ப் என்றால் இன்னொன்று கவனிக்க வேண்டும். தலைகீழாகச் சுற்றினாலும் அது தண்ணீர் தரும், ஆனால் வலுவில்லாமல் தரும். 'பம்ப் ஓடுகிறது, பிரஷர் இல்லை' என்றால் முதலில் மோட்டார் மூடியில் உள்ள அம்புக்குறியைப் பாருங்கள். திசை மாறியிருந்தால் ஏதாவது இரண்டு ஃபேஸை மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும்.

படி 3: ஹோஸும் வால்வும்

பம்பிலிருந்து டீ (ஓட்டத்தை இரண்டாகப் பிரிக்கும் T வடிவ இணைப்பு) வரை ¾ அங்குலம், டீயிலிருந்து இரண்டு நாசிலுக்கும் ½ அங்குலம். நைலான் பின்னல் போட்ட, உள்ளே தெரியும் ஹோஸ் வாங்குங்கள். பச்சை கார்டன் ஹோஸ் மடங்கினால் அங்கேயே அடைத்துக்கொள்ளும், உள்ளே என்ன ஓடுகிறது என்றும் தெரியாது. டீக்குப் பின்னால் இரண்டு கிளையும் ஒரே நீளம் இருக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் ஒரு பால் வால்வு. ஓட்டத்தைக் குறைக்க வேண்டுமென்றால் இந்த வால்வை மூடிக் குறையுங்கள். உறிஞ்சும் பக்கத்தில் துணி, ஸ்பாஞ்சு, மெல்லிய வலை எதையும் கட்டாதீர்கள். அரை மணியில் அடைத்து பம்ப் காய்ந்து ஓடும். வடிகட்டும் வேலையைத் தொட்டி பார்த்துக்கொள்ளும்.

படி 4: நாசில்

அதிகமாகத் தப்பு நடக்கும் இடம் இதுதான். தண்ணீர் ஏராளமாகக் கொட்டும், பிளேடு மட்டும் சூடாகும். காரணம், தண்ணீர் பிளேடின் ஓரத்தைப் பார்த்து அடிக்கிறது. 1440 ஆர்.பி.எம். வேகத்தில் 350 மி.மீ. பிளேடின் ஓரம் வினாடிக்கு 26 மீட்டர் ஓடுகிறது. அந்த ஓரம் கூடவே காற்றையும் இழுத்துக்கொண்டு சுற்றுவதால், அங்கே விழும் தண்ணீர் உங்கள் சட்டை மேல்தான் தெறிக்கும்.

தண்ணீரை பிளேடின் உடம்பில் கொடுங்கள். ஃபிளாஞ்சுக்கு (பிளேடை நடுவில் இறுக்கிப் பிடிக்கும் வட்டத் தட்டு) வெளியே இரண்டு விரல் தள்ளி விழட்டும். அங்கே விழுந்தால் இரும்போடு ஒட்டிக்கொண்டு, சுற்றும் வேகத்தில் தானாகவே வெளிப்பக்கம் பரவி செக்மென்ட்டை அடையும். பிளேடு கல்லுக்குள் இறங்குவதற்குச் சற்று முன்னால் விழும்படி நாசில் நிற்க வேண்டும். வெட்டி முடித்து வெளியே வரும் பக்கத்தில் கொடுத்த தண்ணீர் வீண்.

நாசிலுக்கு ஏ.சி.க்குப் போடும் 3/8 அங்குல செம்புக் குழாய் போதும், கையாலேயே வளையும். நுனியை லேசாகத் தட்டி, 3 மி.மீ. இடைவெளியுள்ள பிளவாக்குங்கள். குழாயில் வரிசையாகச் சின்ன ஓட்டை போடுவதை விட இது மேல். 2 மி.மீ.க்குக் குறைந்த ஓட்டை எதுவும் கல்மாவுக்குத் தாங்காது. நுனி பிளேடிலிருந்து 5 முதல் 8 மி.மீ. தள்ளி இருக்கட்டும். ஹோஸ் இழுத்தால் அசையாதபடி பிளேடு மூடியில் (கார்டு) கிளாம்ப் போட்டு இறுக்குங்கள்.

இரண்டு பக்கமும் சமமாக வருகிறதா என்பதை மெஷின் நிற்கும்போதே பாருங்கள். பிளேடு மோட்டாரின் மெயினை அணைத்துவிட்டு பம்பை மட்டும் ஓட்டி, இரண்டு நாசிலுக்கும் அடியில் ஆளுக்கொரு மக் பிடித்து, 8 வினாடிக்குப் பிறகு ஒரே நேரத்தில் எடுங்கள். ஒரே மட்டம் வரும்வரை வால்வைத் திருகுங்கள். ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடானால் பிளேடு கிண்ணம் மாதிரி குழியும். வெட்டு கோணிக்கொண்டு போகும், நீங்கள் டேபிள் மட்டத்தைச் சந்தேகப்பட்டுக்கொண்டு இருப்பீர்கள்.

படி 5: கரன்ட்

30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் பம்பை ஓட்டவே கூடாது. மெஷின் உடம்பு, பம்ப் உடம்பு இரண்டுக்கும் எர்த் வேண்டும். ஒயர் பிளக்குக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டுப் பிறகு மேலே ஏற வேண்டும். ஒயர் வழியாக வடியும் தண்ணீர் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

பம்ப் சுவிட்ச் போட்டால்தான் பிளேடு மோட்டார் ஸ்டார்ட் ஆகும்படி, ஸ்டார்ட்டர் காயிலுக்கான லைனை பம்ப் சுவிட்சுக்குப் பின்னாலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். காயில் 240 வோல்ட்டா, 415 வோல்ட்டா என்று பார்த்துத்தான் இதைச் செய்ய வேண்டும். எலக்ட்ரீஷியன் கையில் கொடுங்கள்.

படி 6: முதல் ஓட்டம்

பம்பைப் போட்டு, இரண்டு நாசிலிலும் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் வரும்வரை காத்திருந்து, பிறகு பிளேடைச் சுற்றவிடுங்கள். பம்பை நிறுத்தும்போது ஹோஸில் இருக்கும் தண்ணீர் டப்புக்குத் திரும்பும், தொட்டிகளிலிருந்தும் கொஞ்சம் வழியும். டப்பில் நான்கு விரல் இடம் காலியாக விட்டு நிரப்புங்கள்.

நடுவில் தண்ணீர் நின்றால் சத்தம் மாறும். 'சர்' என்று போய்க்கொண்டிருந்தது 'கீச்' என்று ஏறும், பொறி தெரியும். உடனே பிளேடைக் கல்லிலிருந்து விலக்கி, காற்றிலேயே இரண்டு நிமிடம் சுற்றவிட்டு ஆறவிடுங்கள். சூடான பிளேடில் திடீரென்று தண்ணீரைத் திறந்தால் செக்மென்ட் விரிசல் விடும். செக்மென்ட்டுக்குக் கீழே நீல வளையம் விழுந்திருந்தால் இரும்பின் பதம் போய்விட்டது. அந்தப் பிளேடை மறுபடி மாட்டாதீர்கள்.

பிறகு சேர்த்தது

தண்ணீரில் கட்டிங் ஆயில் கலக்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். கல்லுக்கு வேண்டாம். வெளிர் நிறக் கல் எண்ணெயை உறிஞ்சிக் கறை பிடிக்கும், தொட்டியும் நாறும். வெறும் தண்ணீரே போதும்.

போர் தண்ணீரில் நாசில் நுனியில் வெள்ளைப் பொருக்கு கட்டினால், குழாயைக் கழற்றி எலுமிச்சை உப்புக் கரைசலில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். மெஷினில் மாட்டியபடி செய்யாதீர்கள், மார்பிள் மேல் ஒரு சொட்டு விழுந்தாலும் பாலிஷ் போய்விடும்.

இரண்டு தொட்டி தாண்டியும் தண்ணீர் பால் மாதிரி இருந்தால், வேலை முடிந்த பிறகு 100 லிட்டருக்கு 5 முதல் 10 கிராம் படிகாரத்தைக் கரைத்து ஊற்றி, மெதுவாகக் கலக்கி விடுங்கள். காலையில் தெளிந்திருக்கும். கலங்கிய குடிநீருக்குத் தேற்றாங்கொட்டை உரைப்பது நம்மூர்ப் பழக்கம், ஆனால் இத்தனை லிட்டர் சேற்றுக்குப் படிகாரம்தான் சுலபம். அளவு கூடினால் தண்ணீர் புளித்து பிளேடு துருப்பிடிக்கும்.

முதல் தொட்டியில் சேறு பாதி ஆழத்துக்கு வந்ததும் அள்ளிவிடுங்கள். ஈரமாக இருக்கும்போதே அள்ளிச் சாக்கில் கட்டுங்கள். காயவிட்டுப் பெருக்கினால், இவ்வளவு நேரம் தண்ணீரில் அமுக்கிய தூசி முழுவதும் திரும்பக் காற்றில் எழும். சாக்கடையில் தள்ளினால் உள்ளே இறுகிக் கல்லாகிவிடும். கடைசியாக பம்பை நல்ல தண்ணீர் இருக்கும் பக்கெட்டில் இரண்டு நிமிடம் ஓட்டிக் கழுவிவிட்டு ஸ்விட்சை அணையுங்கள்.