சின்னப்பம்பட்டியிலிருந்து காபா வரை: இளம் வேகப்பந்து வீச்சாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு சீசனிலும் அணித் தேர்வுக்கான ட்ரையல்ஸ் நடக்கும்போது மைதானத்து ஓரமாக நின்று பார்க்கிறேன். நாங்கள் லீக் ஆடிய காலத்தில் எங்கள் செட்டையே பின்னுக்குத் தள்ளிய அதே தவறுகளை இன்றைய பையன்களும் செய்கிறார்கள். எங்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. இன்றைக்கு பிசியோ இருக்கிறார், வீடியோ இருக்கிறது, டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) இருக்கிறது. அப்படியும் இது நடப்பதைப் பார்த்தால் மனசு ஆறவில்லை.

லேட்டாக வருவது, தேய்ந்த ஸ்பைக்ஸோடு வருவது, அம்பயரை முறைப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். யாரும் சொல்லாமலே தெரிந்தவை அவை. டிவிஷன் லீக், ரஞ்சி, இந்தியா ஏ, இந்திய அணி என்று ஏறியிருக்க வேண்டிய பையன்கள் நடுவழியில் நின்றுபோகக் காரணமானவற்றைப் பற்றித்தான் பேசப் போகிறேன். நான் வேகப்பந்து வீச்சாளர்களோடு வேலை செய்பவன் என்பதால் எடுத்துக்காட்டுகளும் பெரும்பாலும் அங்கிருந்தே வரும்.

டென்னிஸ் பந்தில் கற்றதை உதறிவிடுவது

மாவட்டத்திலிருந்து சென்னைக்கு வரும் பையன்களுக்கு ஒரு கூச்சம் இருக்கிறது. டென்னிஸ் பந்தில்தான் ஆடினேன் என்று சொல்லவே தயங்குகிறார்கள். வந்த ஒரு மாதத்தில் அகாடமிப் பையன்களைப் பார்த்து எல்லாவற்றையும் மாற்றிக்கொள்கிறார்கள்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் இருபது வயது வரை ஆடியது டென்னிஸ் பந்தில்தான். பேட்ஸ்மேனின் காலடியில் விழும் அவருடைய யார்க்கர் பிறந்தது அங்கேதான். சின்ன மைதானத்தில் டென்னிஸ் பந்தைக் கொஞ்சம் குறைந்த நீளத்தில் போட்டாலும் வெளியே போய்விடும். காலடியில் போட்டால்தான் தப்பிக்கலாம். அந்தக் கட்டாயம் கொடுத்த துல்லியத்தை எந்தக் கோச்சும் ஆறு மாதத்தில் கொடுத்துவிட முடியாது. 2020 ஐபிஎல்லில் சன்ரைசர்ஸ் அணிக்காக அவர் யார்க்கராகப் போட்டுத் தள்ளியதைப் பார்த்துத்தான் நாடே திரும்பிப் பார்த்தது.

ஆகவே யார்க்கரை விடாதீர்கள். அதோடு சேர்த்துக் கற்க வேண்டியவை வேறு: தையலை நிமிர்த்திப் பிடிப்பது, ஒரே நீளத்தில் ஆறு பந்தும் போடுவது, மாலையில் மூன்றாவது ஸ்பெல்லுக்கு (இடைவிடாமல் போடும் ஓவர்களின் தொகுப்பு) வந்தாலும் வேகம் குறையாமல் இருப்பது. இதற்கெல்லாம் லீக் கிரிக்கெட் ஆடியே ஆக வேண்டும். குறுக்குவழி கிடையாது.

முதுகுவலியை மறைத்துப் பந்து வீசுவது

இந்தத் தவறைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது.

எனக்குத் தெரிந்த ஒரு பையன், பதினேழு வயது, வலது கை. நல்ல உயரம், ரன்-அப் அழகு, பந்து பேட்ஸ்மேனை விட்டுத் தானாக விலகிப் போகும். அண்டர்-19 ட்ரையல்ஸுக்கு முந்தைய வாரம் அவன் என்ன செய்தான் என்று பிற்பாடு விசாரித்தேன். ஞாயிற்றுக்கிழமை சொந்த ஊரில் டென்னிஸ் பந்து டோர்னமென்ட். ஒரே நாளில் மூன்று ஆட்டம். திங்கள், செவ்வாய் அகாடமி நெட்ஸ். புதன்கிழமை லீக் மேட்ச். வியாழக்கிழமை ‘கடைசியாக ஒரு தடவை ரெடியாகிக்கொள்ளலாம்’ என்று தனியாக ஒரு மணி நேரம். இடுப்புக்கு மேலே இடது பக்கம் ஏற்கெனவே வலி இருந்திருக்கிறது. அப்பாவுக்குத் தெரியும். அகாடமி கோச்சுக்கும் தெரியும். ஸ்ப்ரே அடித்து, டேப் ஒட்டி, வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ‘ட்ரையல்ஸ் முடியட்டும், அப்புறம் டாக்டரிடம் போகலாம்.’

ட்ரையல்ஸில் பிரமாதமாகப் போட்டான். உத்தேச அணியில் பெயரும் வந்தது. முகாமின் இரண்டாம் நாள் ரன்-அப்பின் பாதியிலேயே நின்றுவிட்டான். ஸ்கேனில் முதுகெலும்பில் கீறல். அந்த சீசன் போனது. எலும்பு கூடி, மறுபடி ஓட ஆரம்பித்து, முழு வேகத்துக்கு வருவதற்குள் அண்டர்-19 வயதும் தாண்டிவிட்டது. இன்றைக்கும் அந்தக் கோச்சை எங்காவது பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. பையனுக்கு வயது பதினேழு. அவனுக்கு என்ன தெரியும்? பெரியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதுகில் நடப்பது என்ன என்று தெரிந்துகொண்டால் இந்த முட்டாள்தனத்தைச் செய்யத் தோன்றாது. பந்தை விடும் நேரத்தில் முன்கால் தரையில் இறங்கும்போது உடல் எடையைப்போல் பல மடங்கு விசை மேலே ஏறுகிறது. அதே நொடியில் முதுகு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, முறுக்கிக்கொள்ளவும் செய்கிறது. இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து கீழ்முதுகில் ஒரு மெல்லிய எலும்புப் பாலத்தின் மேல் விழுகின்றன. வலது கைக்காரனுக்குப் பெரும்பாலும் இடது பக்கம், இடது கைக்காரனுக்கு வலது பக்கம். ஒரே இடத்தில் கம்பியை வளைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகுமோ அதுதான் அங்கே நடக்கிறது. எலும்பு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். அதற்கு நாள் வேண்டும். பதினாறு, பதினெட்டு வயதில் உயரம் கூடிவிடுகிறது, முதுகெலும்போ முழுசாக முற்றியிருக்காது. ஆபத்து அதிகமான வயது அதுதான்.

பந்துகளின் மொத்த எண்ணிக்கையைவிட, அந்த எண்ணிக்கை திடீரென்று ஏறுவது மோசம். நம்மூரில் இது காலண்டர் வைத்ததுபோல் நடக்கிறது. பிளஸ் டூ தேர்வுக்காக ஜனவரியிலிருந்து பந்தையே தொடமாட்டார்கள். தேர்வு முடிந்த மறுநாள் சம்மர் கேம்ப். காலையும் மாலையும் நெட்ஸ். கூடவே ஊர்த் திருவிழா டோர்னமென்ட். மூன்று மாதம் சும்மா இருந்த முதுகுக்கு ஒரே வாரத்தில் அறுநூறு பந்து! மே கடைசியில் என்னிடம் முதுகைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் சொல்வது இந்தக் கதைதான்.

வலியைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். இரண்டு பக்கமும் பரவலாக இருக்கும், உடம்பு சூடானால் குறையும், ஓரிரு நாளில் போய்விடும் என்றால் அது பெரும்பாலும் தசைவலி. ஒரே பக்கம், ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில், பந்து வீசாத கையின் பக்கமாக, பின்னால் சாய்ந்தால் சுருக்கென்று குத்துகிறது என்றால் அன்றைக்கே நிறுத்துங்கள். ஒரு பந்துகூட வேண்டாம். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்று நிம்மதியாகிவிடாதீர்கள். ஆரம்பக் கட்டம் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியாது. எம்ஆர்ஐ எடுத்தால்தான் தெரியும். எலும்பு வீங்கியிருக்கும் கட்டத்திலேயே பிடித்துவிட்டால் சில வாரங்களோ ஓரிரு மாதங்களோ போகும். கீறல் விட்ட பிறகு பிடித்தால் அரை வருஷம், சிலருக்கு அதற்கும் மேல்.

இது சின்னப் பையன்களுக்கு மட்டும் வருவதும் இல்லை. ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லிக்கு 1973 மேற்கிந்தியத் தீவுகள் பயணத்தில் முதுகெலும்பு கீறியது. அத்தோடு அவர் கதை முடிந்தது என்று பேசினார்கள். ஆக்‌ஷனையும் (பந்து வீசும் விதம்) உடம்பையும் சீர்செய்துகொண்டு 1974-75 ஆஷஸில் திரும்பி வந்தார். அதே லில்லிதான் 1987-ல் தொடங்கிய எம்ஆர்எஃப் பேஸ் ஃபவுண்டேஷன் என்ற வேகப்பந்து அகாடமியில் பயிற்சி கொடுக்க சென்னைக்கு வந்தார். அவர் பல வருஷம் பாடம் எடுத்த இதே ஊரில் இன்னும் முதுகுக்கு டேப் ஒட்டி அனுப்புகிறார்கள்.

நம்ம லட்சுமிபதி பாலாஜியை எடுத்துக்கொள்ளுங்கள். 2004 பாகிஸ்தான் பயணத்தில் ராவல்பிண்டி டெஸ்டில் ஏழு விக்கெட் எடுத்து, இந்தியா அங்கே முதன்முறையாக டெஸ்ட் தொடரை வெல்லக் கை கொடுத்தவர். அடுத்து முதுகில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், அதாவது அதே எலும்புக் கீறல். நல்ல வயதில் பல சீசன்கள் போயின. ஆக்‌ஷனை மாற்றிக்கொண்டு திரும்பி வந்து 2012 டி20 உலகக் கோப்பை வரை ஆடினார் என்றால் அது அவருடைய மனவுறுதி. பும்ராவும் முதுகால் 2022 டி20 உலகக் கோப்பையைத் தவறவிட்டு, 2023 மார்ச்சில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 2024 ஐபிஎல்லில் 156.7 கிலோமீட்டர் வேகம் தொட்ட மயங்க் யாதவ் அதே அக்டோபரில் குவாலியரில் இந்திய அணிக்கு அறிமுகமானார். சீக்கிரமே முதுகுக் காயத்தால் வெளியே உட்கார வேண்டியதாயிற்று. இவர்களுக்கெல்லாம் பின்னால் கிரிக்கெட் வாரியத்தின் மருத்துவர்களும் பிசியோக்களும் இருந்தார்கள். உங்களுக்குப் பின்னால் அப்பாவின் டூவீலர்தான் இருக்கிறது.

சரி, என்ன செய்வது? ஒரு நோட்டு வாங்குங்கள். தினமும் எத்தனை பந்து போட்டீர்கள் என்று எழுதுங்கள். நெட்ஸ், மேட்ச், வீட்டு மாடி, ஊர் டென்னிஸ் பந்து எல்லாம் கணக்கில் வர வேண்டும். டென்னிஸ் பந்து எடை குறைவு என்று பையன்கள் அதை எழுதுவதில்லை. முன்கால் இறங்கும் விசைக்கும் கையிலிருக்கும் பந்தின் எடைக்கும் சம்பந்தமே இல்லை. இங்கிலாந்து வாரியம் 19 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளர்களுக்கு ஒரு ஸ்பெல்லுக்கு 7 ஓவர், ஒரு நாளைக்கு 18 ஓவர் என்று வரம்பு வகுத்திருந்தது. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வுக்குப் பிறகு வரும்போது முதல் வாரம் பாதி வேகம், குறைந்த பந்து. பிறகு வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். தேர்வு நேரத்திலும் வாரத்துக்கு இரண்டு நாள் நான்கு ஓவர் போட்டாலே முதுகு மறக்காமல் இருக்கும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வலி இருக்கிறது என்று தேர்வாளர்களிடம் சொன்னால் பையன் பெயரை அடித்துவிடுவார்கள் என்று பயப்படுகிறீர்கள். அந்த ட்ரையல்ஸில் ஒருவேளை அடிக்கலாம். ஆனால் முகாமில் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவனைப் பற்றி ‘இவன் உடம்பு தாங்காது’ என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால், அது அவனை எத்தனையோ சீசன்களுக்குத் துரத்தும். வலியைச் சொன்னவனுக்கு அந்தக் கெட்ட பெயர் வந்து நான் பார்த்ததில்லை.

ஆக்‌ஷன் புகாரை அவமானமாக எடுத்துக்கொள்வது

பந்து வீசும்போது மடங்கிய முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது என்பது விதி. புகார் வந்தால் பையன்கள் ஒன்று ஒளிகிறார்கள், இல்லை யாரோ சூழ்ச்சி செய்துவிட்டதாகப் பேசுகிறார்கள்.

2015 ஜனவரியில் பெங்கால் அணிக்கு எதிராக நடராஜன் ரஞ்சியில் அறிமுகமானபோது அவர் ஆக்‌ஷனில் சந்தேகம் எழுந்தது. எத்தனையோ வருஷம் காத்திருந்து கிடைத்த முதல் ஆட்டம் அது. அவர் உட்கார்ந்து ஆக்‌ஷனைத் திருத்தினார். அதற்காக ரஞ்சியை விட்டு விலகி இருந்தார். 2016 டிஎன்பிஎல்லில் திண்டுக்கல் டிராகன்ஸ், 2017 ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் அணி கொடுத்த 3 கோடி எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. சந்தேகம் இருந்தால் நீங்களே முந்திக்கொண்டு பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுத்துப் பாருங்கள். பதினாறு வயதில் திருத்துவது சுலபம். இருபத்து மூன்றில் கஷ்டம், ஆனாலும் முடியும்.

ஸ்பீடு கன்னைப் பார்த்துப் பந்து வீசுவது

வேண்டாம்.

கடையில் கேட்டு இருமல் மருந்து வாங்குவது

2019 பிப்ரவரியில் இந்தூரில் சையது முஷ்டாக் அலி போட்டியின்போது பிருத்வி ஷாவிடம் ஊக்கமருந்துச் சோதனைக்கு மாதிரி எடுத்தார்கள். இருமல் மருந்துகளில் சாதாரணமாக இருக்கும் டெர்பியூட்டலின் அதில் இருந்தது. எட்டு மாதத் தடை. தெரியாமல் குடித்தேன் என்ற விளக்கத்தை வாரியம் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் தடை நீங்கவில்லை. உள்ளூர்ப் போட்டியில்கூட சோதனை உண்டு என்பதைப் பையன்கள் நம்ப மறுக்கிறார்கள். சளி, காய்ச்சல், புரோட்டீன் பவுடர் எதுவானாலும் முதலில் அணி மருத்துவரிடம் கேளுங்கள்.

விக்கெட் எடுத்தால் ஓட்டப் பயிற்சி வேண்டாம் என்று நினைப்பது

2018 ஐபிஎல்லில் அம்பத்தி ராயுடு சென்னைக்காக 602 ரன் அடித்தார். இந்திய ஒருநாள் அணியில் இடமும் கிடைத்தது. ஓடிக் காட்டும் உடல்தகுதிச் சோதனையான யோ-யோவில் அப்போது தேவைப்பட்ட 16.1 என்ற அளவைத் தொட முடியாததால் இங்கிலாந்துப் பயணம் கையைவிட்டுப் போனது. அதே சமயத்தில் அதே சோதனையால் ஷமி ஆப்கானிஸ்தான் டெஸ்டையும், சஞ்சு சாம்சன் இந்தியா ஏ அணியின் பயணத்தையும் இழந்தார்கள். தேர்வான பிறகு ஓட ஆரம்பித்தால் நாள் போதாது.

பிறந்த தேதி

வயதைக் குறைத்துக் காட்ட அதைத் தொடாதீர்கள். வயதைக் கணிக்கும் எலும்புச் சோதனையில் மாட்டினால் அத்தோடு சரி.

நெட் பௌலர் வேலையை இளக்காரமாகப் பார்ப்பது

‘நெட்ஸுக்குத்தானே கூப்பிடுகிறார்கள், ஆடவா கூப்பிட்டார்கள்?’ என்று ஒரு ரஞ்சி பௌலர் என்னிடம் கேட்டார். நடராஜன் 2020-ல் ஆஸ்திரேலியாவுக்கு முதலில் தேர்வானதே, பயிற்சியில் பேட்ஸ்மேன்களுக்குப் பந்து போடும் நெட் பௌலராகத்தான். வருண் சக்கரவர்த்திக்குத் தோளில் காயம் என்றதும் டி20 அணியில் சேர்த்தார்கள். சைனிக்கு முதுகுப் பிடிப்பு என்றதும் ஒருநாள் அணியிலும் சேர்த்தார்கள். டிசம்பர் 2 கான்பெராவில் ஒருநாள் அறிமுகம், 4-ம் தேதி அங்கேயே டி20 அறிமுகம். டெஸ்ட் தொடரில் உமேஷ் யாதவ், பும்ரா என்று ஒவ்வொருவராகக் காயத்தில் விழ, ஜனவரி 15 அன்று பிரிஸ்பேன் காபாவில் டெஸ்ட் தொப்பி. முதல் இன்னிங்ஸில் 78 ரன்னுக்கு 3 விக்கெட். ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர்தான்.

அதே காபாவில் அறிமுகமான வாஷிங்டன் சுந்தரும் டி20 தொடர் முடிந்த பிறகு நெட்ஸில் பந்து போடுவதற்காக அங்கேயே தங்கியவர். 2017-க்குப் பிறகு முதல்தர ஆட்டமே ஆடாமல் வந்து முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட் எடுத்தார், 62 ரன் அடித்தார்.

நெட்ஸுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறு, பெரிய பேட்ஸ்மேனைப் பார்த்ததும் பவுன்சர் போட்டுப் பெயர் வாங்க நினைப்பது. அங்கே உங்களைக் கூப்பிட்டது அவருக்கு எது தேவையோ அதைப் போடுவதற்கு. முதலில் பௌலிங் கோச்சிடம் போய், இன்றைக்கு எந்த நிலைமைக்கான பயிற்சி, புதுப் பந்தா பழைய பந்தா, எந்தப் பக்கத்திலிருந்து போட வேண்டும் என்று கேளுங்கள். டெத் ஓவர் (ஆட்டத்தின் கடைசி ஓவர்கள்) என்றால் ஆறு பந்தில் எத்தனை யார்க்கர் சரியாக விழுகிறது என்பதை அவர் எண்ணிக்கொண்டிருப்பார். அந்த வாரம் ஏற்கெனவே எத்தனை ஓவர் போட்டிருக்கிறீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டு ரன்-அப்பை அளந்துகொள்ளுங்கள்.